மாற்றியபின்னும் மாற்றியதாலும்

தேக்காச் சந்தையை ஒட்டிய காப்பிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அமர்ந்து பழகியவர்கள், கார்களைப் பற்றிய பழமொழி ஒன்றைக் கேட்டிருப்பார்கள். எந்தப் பழமொழித் தொகுப்பிலும் அது இடம்பெற்றதில்லை. எனினும் பழமொழிக்குரிய சுருக்கமும் உறுதியும் அதற்கு உண்டு. ‘பழைய ஆட்டோ கியர் வண்டிக்கு எண்ணெய் மாற்றாதே; மாற்றினால் கியர்ப்பெட்டி போய்விடும்’ என்பதே அது. சொல்பவர் ஒவ்வொருவரிடமும் சான்று ஒன்று ஆயத்தமாக இருக்கும். மைத்துனர் எண்ணெயை மாற்றினார். ஒரு மாதத்தில் வண்டி நகர மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாற்றவே இல்லை. பல்லாண்டுகள் நோயின்றி ஓட்டினார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டால் எதிர்வாதம் செய்ய எவர்க்கும் துணிவு வருவதில்லை.

இந்தப் பழமொழி சிங்கப்பூரில் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்குத் தனிக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது முதல், இங்கே ஒரு காரின் வயதை வரையறுப்பது இரும்பன்று, காகிதம். பத்தாண்டு முடிந்ததும் காரைக் கழிக்க வேண்டும். அல்லது நடப்பு விலையின் சராசரியைக் கட்டி, ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தவர் மறுமுறை புதுப்பிக்க இயலாது. புதுப்பித்த காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. சாலை வரியிலோ 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்காண்டு ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும் கூடுதல் சுமை. இத்தனையும் ஏற்றுக்கொண்டு ஒருவர் பழைய காரைக் காத்து வருகிறார் என்றால், அது பெரும்பாலும் ஆடம்பரத்துக்காக அன்று. 2023ஆம் ஆண்டில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிச் சென்றதை நாம் அறிவோம். அத்தகைய காலத்தில் பழைய வண்டியின் கியர்ப்பெட்டி ஒரு குடும்பத்தின் கவலைப் பொருளாகிவிடுவதில் வியப்பில்லை.

என் மூத்த நண்பர் ஒருவரின் குடும்பத்தில் அது அவ்வாறே ஆயிற்று. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய மனைவியாருக்கு வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்பு. அதற்கு அழைத்துச் செல்லவும் சோர்ந்த உடலோடு திரும்ப அழைத்து வரவும் கார் வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டில் பதிவான ஜப்பானியக் கார் ஒன்றை 2021இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து வைத்திருந்தார். 2023இல் ஒருநாள், எண்ணெய் மாற்ற நம்பிக்கையான பட்டறை ஒன்றைச் சொல்லும்படி என்னைக் கேட்டார். ஊபி வட்டாரத்தில் இரண்டே தொழிலாளர்களை வைத்துப் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். (தமிழ்ப் பாடத்தில் அந்த மாணவர் பெற்ற மதிப்பெண்களைப் பற்றி நாங்கள் இருவரும் இப்போது பேசுவதில்லை. கையின் அறிவு வேறு, தேர்வுத்தாளின் அறிவு வேறு என்பதை எனக்கு உணர்த்தியவர்களுள் அவரும் ஒருவர்.)

எண்ணெய் மாற்றிய மூன்றாம் வாரம், அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில், எஞ்சின் உறுமிற்று, வண்டி ஏறவில்லை. பின்னால் நான்கு கார்கள் வரிசையில் நின்றன. முன்னிருக்கையில் மனைவியார் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாராம். அன்று மாலை நண்பர் என்னை அழைத்து, “உங்கள் மாணவன் என் வண்டியைக் கொன்றுவிட்டான்” என்றார். மறுநாள் மாணவர் அழைத்தார். “ஐயா, நான் கை வைக்கும்போதே அதற்கு உயிர் பாதிதான் இருந்தது” என்றார். ஒருவருக்குப் பணமும் மனைவியின் மருத்துவமும். மற்றவருக்கு நூறு பட்டறைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இருபதாண்டு உழைத்துச் சேர்த்த பெயர். இருவரும் என்னையே நடுவராக இருக்கச் சொன்னார்கள். கியர்ப்பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறியாமல் நடுவர் இருக்கையில் அமர்வது முறையன்று. ஆகவே சில வாரம் அதைக் கற்றேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியில் எமக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றுப்பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பின் அடிப்படை விளங்கிவிடும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே அங்கே இருப்பது இரும்புப் பிணைப்பன்று, சுழலும் எண்ணெய். சாலை விளக்கில் கியரை மாற்றாமலேயே வண்டி அமைதியாக நிற்க முடிவது இதனால்தான்.

அதற்குப் பின்னே பல்சக்கரத் தொகுதிகளும், அவற்றுள் எது சுழல வேண்டும் எது நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கிளட்ச் தகடுகளும் உள்ளன. மனிதன் ஓட்டும் கியர் வண்டியில் கிளட்சை மிதிப்பது கால். இங்கே அந்தத் தகடுகளை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். வால்வுகள் நிறைந்த உலோகத் தகடு ஒன்றில், எறும்புப் புற்றின் வழிகளைப் போன்ற நுண்வழிகளில் எண்ணெய் ஓடி, ஒவ்வொரு தகட்டுக் கூட்டத்தையும் உரிய நேரத்தில் இறுக்கி விடுவிக்கிறது. எனவே அந்தச் செந்நிற எண்ணெய் உராய்வைக் குறைக்கும் மசகு மட்டுமன்று. ஆற்றலைக் கடத்துகிறது, அழுத்தம் தருகிறது, வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. எல்லாவற்றினும் வியப்பானது, பல்சக்கரங்களுக்கு வழுக்கலாகவும் தகடுகளுக்குப் பிடிப்பாகவும் ஒரே நேரத்தில் அது இருக்க வேண்டியிருப்பது. வழுக்கவும் வேண்டும், பற்றவும் வேண்டும். இந்த முரணை ஒரு திரவத்துக்குள் அடக்குவதே அந்தத் தொழிலின் மறைபொருள்.

அப்படியானால் எண்ணெய் மாற்றுவதால் கியர்ப்பெட்டி கெடவே கெடாதா? கெடும். காப்பிக்கடைப் பேச்சில் உண்மை இல்லையென்று தள்ளிவிடக் கூடாது. அந்தப் பிடிப்பும் வழுக்கலும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. டொயோட்டா ஒரு வகை கேட்கும். ஹோண்டா வேறு வகை கேட்கும். நிஸ்ஸான் மற்றொன்று கேட்கும். பல்சக்கரத்துக்குப் பதிலாக உலோகப் பட்டை ஓடும் சிவிடி வகைப் பெட்டிக்கு முற்றிலும் வேறான எண்ணெய். மாற்றி ஊற்றினால் பட்டை வழுக்கித் தேயும். எண்ணெய் சூட்டில் விரியும் பொருள். ஆகவே அதன் மட்டத்தைக் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் உறுப்புகள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. இன்றைய பல கார்களில் மட்டம் பார்க்கும் கோலே இல்லை என்பதால் அவசரக்காரர் கையில் இந்தப் பிழை எளிதில் நேரும். அடித்தட்டின் திருகைக் கழற்றினால் வடிவது பாதியோ அதற்கும் குறைவோதான். எஞ்சியது டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதையும் இயந்திரம் வைத்து முழுவதுமாக அலசித் தள்ளும்போது, ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்த கசடு கிளம்பி நுண்வழிகளை அடைக்கக்கூடும் என்று அஞ்சுகிற தொழிலறிஞர்களும் இருக்கிறார்கள்.

எண்ணெய் மாறியதாலேயே பெட்டிகள் கெட்டன என்பது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்த காலமும் ஒன்று உண்டு. முழுத் தானியங்கிக் கியர்ப்பெட்டியைப் பெருமளவில் முதன்முதலாக விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது வந்தது. பின்னர் அத்தகைய பெட்டிகளுக்கான எண்ணெயில், நான் சொன்ன அந்தப் பிடிப்பையும் வழுக்கலையும் சமன்செய்யச் சேர்க்கப்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய்! நகரத்துச் சாலைகளில் கியர் மென்மையாக மாறக் கடலில் ஓர் உயிர் மடிந்தது. 1970இல் அந்தத் திமிங்கிலம் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டதும் அந்த வழி அடைபட்டது. வேதியியலார் மாற்றுக் கலவைகளைத் தேடினர். அவ்வாறு வந்த தொடக்கக் கலவைகளுள் ஒன்று, எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களின் உலோக இணைப்புகளை அரித்துவிட்டது. பின்னர் அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்து அதைத் திருத்தினர். அங்கே குற்றவாளி எண்ணெயேதான், ஐயமில்லை.

என் மாணவரின் பட்டறையில் நடந்தது அத்தகையதா என்பதே கேள்வி. எண்ணெய் டப்பாவைப் பார்த்தேன். கார் நிறுவனம் சொன்ன வகையே. எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை ஊற்றப்பட்டது, எந்தச் சூட்டில் மட்டம் பார்க்கப்பட்டது என்பன அவருடைய குறிப்பேட்டில் இருந்தன. அலசும் இயந்திரத்தை அவர் பயன்படுத்தவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ஒரு தெளிந்த போத்தலை எடுத்தார். நண்பரின் காரிலிருந்து வடித்த பழைய எண்ணெய் அது. செந்நிறம் மருந்துக்கும் இல்லை. காப்பிக் கசடு போல் கறுத்திருந்தது. மூடியைத் திறந்ததும் தீய்ந்த வாடை. அடித்தட்டைக் கழற்றியபோது எடுத்த நிழற்படத்தையும் காட்டினார். தட்டினுள் இரும்புத்தூளைப் பிடிக்கச் சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு இருந்தால் அது வயதின் அடையாளம், குற்றமில்லை. இங்கோ தட்டு முழுவதும் கரிய துகள் படிந்திருந்தது. “இது கிளட்ச் தகட்டின் மேற்பூச்சு, ஐயா. தகட்டில் இருக்க வேண்டியது தட்டில் கிடக்கிறது” என்றார்.

அங்கே இன்னொன்றையும் கற்றேன். தேய்ந்த தகடுகள் உள்ள பெட்டியில், அந்தத் துகள் கலந்த பழைய எண்ணெயே ஓரளவு பிடிப்பைத் தந்து ஓட்டிக்கொண்டிருக்கும் என்று பட்டறைக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். புதிய எண்ணெய் வந்ததும் அந்தப் பொய்யான பிடிப்பு போய்விடுகிறதாம். இதை எல்லாப் பொறியியலாரும் ஒப்புவதில்லை. ஒப்பினாலும், தகட்டைத் தேய்த்தது புதிய எண்ணெய் என்று ஆகாது. மூன்று வாரத்தில் அவ்வளவு துகள் சேராது. அது ஆண்டுகளின் வேலை.

இவ்வளவுக்கும் பிறகு நான் நண்பரிடம் கேட்டது ஒரே கேள்வி. “எண்ணெய் மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது?” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “காலையில் பின்கியர் போட்டால் இரண்டு நொடி தயங்கிற்று. சிராங்கூன் சாலை நெரிசலில் நின்று நின்று போகும்போது ஒரு குலுக்கல். அதனால்தான்” என்றார்.

அந்த ‘அதனால்தான்’ என்னும் சொல்லில்தான் வழக்கின் முடிவு இருந்தது. கெடத் தொடங்கியதால் எண்ணெயை மாற்றியவர், மாற்றியதால் கெட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லும் மனிதர் அல்லர் அவர். கதையைப் பாதியிலிருந்து தொடங்கிவிட்டார், அவ்வளவே. சற்று எண்ணிப் பாருங்கள்: நன்றாக ஓடும் பழைய வண்டியின் கியர் எண்ணெயைப் பற்றி எவர் கவலைப்படுகிறார்? சில கார் நிறுவனங்கள் ‘வாழ்நாள் முழுமைக்குமான எண்ணெய்’ என்று எழுதிவைத்திருப்பதால் முதற் பத்தாண்டில் பலர் அதைத் தொடுவதே இல்லை. யாருடைய வாழ்நாள் என்பதை எவரும் கேட்பதில்லை. கியர்ப்பெட்டிகளைச் செய்யும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டாண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. நாம் அதைக் கேட்பதில்லை. தயக்கம் தோன்றியபின், குலுக்கல் கண்டபின், கடைசி மருந்தாக எண்ணெயை மாற்றுகிறோம். ஆகவே எண்ணெய் மாற்றிய பழைய வண்டிகளின் கூட்டத்தில் நோயுற்ற வண்டிகளே மிகுதி. அவற்றுள் சில விரைவில் படுத்துவிடுகின்றன. மாற்றாத பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்கு நோயே இல்லாமலும் இருந்திருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர் சொன்னது பழத்தின் காம்பைப் பார்க்கச் சொல்லித்தான்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் தனிப் பங்கு உண்டென்று கருதுகிறேன். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று சொல்கிறோம்; அங்கே ‘பெய்து’ என்னும் எச்சம் காரணத்தைச் சுட்டுகிறது. ‘காரை நிறுத்திவிட்டுச் சந்தைக்குள் போனார்’ என்கிறோம். அங்கே எச்சம் வரிசையை மட்டுமே சுட்டுகிறது. கார் நின்றதால் அவர் சந்தைக்குள் போகவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனார். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. நம் மொழியின் சிக்கனத்துக்கு இது ஓர் அழகே. ஆனால் ‘எண்ணெய் மாற்றி வண்டி கெட்டது’ என்னும்போது, கேட்பவர் எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம். மனம் எப்போதும் காரணத்தையே எடுத்துக்கொள்ளும். காரணப் பொருளை நன்னூல் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக, ‘ஏது’ என்று தனியே பெயரிட்டு நிறுத்தியிருக்கிறது. நாமோ மாணவர்க்கு வேற்றுமை உருபை மனப்பாடம் செய்விக்கிறோம். ‘பின்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆல்’ என்று எழுதுவது ஒரு மனிதர்மேல் குற்றம் சாட்டுவதாகும் என்பதைச் சொல்வதில்லை. கட்டுரைப் பயிற்சி ஏடுகளில் ‘ஆகவே’, ‘எனவே’, ‘ஆகையால்’ ஆகிய மூன்றும் வெறும் மூச்சுவிடும் இடங்களாகத் திரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் குழப்பம் பட்டறையோடு நிற்பதுமில்லை. ஆண்டின் நடுவில் ஒரு வகுப்புக்குப் புதிய ஆசிரியை வருகிறார். அடுத்த தேர்வில் மதிப்பெண்கள் சரிகின்றன. ‘அந்த அம்மா வந்ததால்தான்’ என்று பெற்றோர் என் அறைக்கு வருவதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். பழைய தேர்வுத்தாள்களை எடுத்துப் பார்த்தால், முந்திய மதிப்பெண்கள் மனப்பாட வினாக்களுக்குக் கிடைத்தவையாக இருக்கும். பிள்ளைகள் தாமே எழுத வேண்டிய வினாவை அந்தப் புதியவர்தாம் முதன்முதலாகக் கொடுத்திருப்பார். தேய்வு முன்பே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது இப்போது. அந்த இளம் ஆசிரியைக்கு அப்போது வேண்டியிருந்தது என் பரிவன்று. முந்திய தாள்கள் பத்திரமாக இருப்பதே.

நண்பரும் மாணவரும் என் முன்னிலையில் சந்தித்தார்கள். போத்தலையும் படத்தையும் பார்த்தபின் நண்பர் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார் என்று எழுத ஆசைதான். உடனே அவ்வாறு நடக்கவில்லை. “முன்பே எனக்கு இதைக் காட்டியிருக்கலாமே” என்றார். அது நியாயமான சொல். அடித்தட்டைத் திறந்த அன்றே அழைத்துக் காட்டியிருந்தால், மாற்றுவதா விடுவதா என்பதை உரியவரே முடிவு செய்திருப்பார். மாணவர் அதை மறுக்கவில்லை. இறுதியில், பத்தாண்டு முடிந்து கழிக்கப்பட்ட அதே வகைக் காரிலிருந்து எடுத்த கியர்ப்பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்துவதென்று முடிவாயிற்று. நம் நாட்டில் நல்ல நிலையிலேயே கழிக்கப்படும் கார்கள் மிகுதி என்பதால் அத்தகைய பெட்டிகள் கிடைக்கின்றன. பெட்டிக்கான பணம் நண்பருடையது. பொருத்தும் கூலியை மாணவர் வாங்கவில்லை. வேலை நடந்த நாள்களில் அம்மையாரை மருத்துவத்துக்கு அழைத்துச் சென்றது பட்டறையின் வேன்.

புதிதாய் வந்த பழைய பெட்டிக்கும் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. நண்பர் அருகிலேயே நின்று பார்த்தார். அடித்தட்டின் காந்தங்களைத் தம் விரலால் தொட்டுப் பார்த்தார். மெல்லிய சாம்பல் நிறக் குழைவுதான். அதன்பின் மாணவர் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினார். எந்தப் பழைய வண்டி வந்தாலும், திருகைக் கழற்றுமுன் உரிமையாளரோடு ஒரு சுற்று ஓட்டிவருவார். வண்டியின் அப்போதைய நிலையை உரிமையாளரே தம் கையால் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், நாளும் கிலோமீட்டர் கணக்கும் இட்டு, கரும்பலகைக்குப் பழகிய வட்டமான கையெழுத்தில் நண்பர் எழுதியிருக்கிறார்: ‘பின்கியரில் தயக்கம் இல்லை. ஏற்றத்தில் வழுக்கல் இல்லை. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது மட்டும் மெல்லிய குலுக்கல் உண்டு, எண்ணெய் மாற்றுமுன்.’